மேசைக்கு அடியில்

வெள்ளிக்கிழமைகளில் லெம்பி காலை ஏழு மணிக்கு வந்துவிடுவாள். காட்டுச் சாலையின் திருப்பத்தில் அவளுடைய கார் சத்தம் கேட்டதும் அர்வி எழுந்து காப்பி போடுவார். பெரும்பாலான வாரங்களில் அவர் வாசலுக்கு வரும் ஒரே கார் அதுதான்.

லெம்பி அவருக்கு அக்கா. நான்கு வயது மூத்தவள். எழுபத்தைந்து ஆகிறது, இன்னும் கார் ஓட்டுகிறாள். தேவாலயக் கூடத்தில் வெள்ளிதோறும் முதியவர்களுக்கு சூப் காய்ச்சுவது அவள் வேலை. "கிழடுங்களுக்கு சூப் ஊத்தப் போறேன்" என்பாள். அந்தக் கிழடுகளில் பாதிப் பேர் அவளைவிட இளையவர்கள். போகிற வழியில் தம்பி வீட்டில் அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் பேச்சு அதிகம் இருக்காது. ஏரியின் மேல் பனிக்கட்டி இன்னும் ஆள் தாங்குமா, யார் செத்துப்போனார்கள், சாலை எப்படி. அதற்குப் பிறகு இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பார்கள். நாற்பது ஆண்டுகள் தனியாக மரம் ஏற்றும் லாரி ஓட்டி அர்விக்குப் பேச்சுப் பழக்கம் விட்டுப்போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். விட்டுப்போக அவரிடம் அந்தப் பழக்கம் இருந்ததே இல்லை.

வரும்போது லெம்பி துணியில் சுற்றி ஏலக்காய் பன் கொண்டுவருவாள். இரண்டை எடுத்துத் தன் கையாலேயே அவர் தட்டில் வைப்பாள். அர்விக்கு அந்தப் பன் பிடிக்காது. வறண்டிருக்கும், ஏலக்காய் மூக்கில் ஏறும். முதல் தடவையே சொல்லியிருக்கலாம். அது அம்மா செத்த வருஷம். லெம்பி வாசலில் நின்றபோது அவள் கையில் அந்தத் துணி மூட்டை மட்டும்தான் இருந்தது, சொல்வதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லியிருந்தால் போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று ஆகியிருக்கும். இப்படியே பதினோரு வருஷம் போய்விட்டது. அவள் தன் கோப்பையைக் கழுவ முதுகைத் திருப்பும்போது பன் இரண்டும் மேசைக்கு அடியில் போய்விடும்.

அங்கே துய்ஸ்கு இருக்கும். வால் முதுகின் மேல் சுருண்ட, அடர்ந்த சாம்பல் முடி நாய். ஒன்பது வயது. அதற்கு முன்னால் இருந்த நாய்க்கும் இதே பங்கு கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அர்வி வாய்விட்டுப் பேசுகிற பேச்செல்லாம் துய்ஸ்குவோடுதான். "மழை வரும்போல" என்பார். "அந்தக் கட்டையை நாளைக்குப் பிளந்துக்கலாம், என்ன?" என்பார். அது காதைத் திருப்பும். அவருக்கு அது போதும்.

அந்த ஏப்ரல் வெள்ளிக்கிழமை பன் வழக்கத்தைவிட வெளிறி இருந்தது. கையில் எடுத்தால் கனத்தது. லெம்பி அடுப்பிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று அர்வி நினைத்தார். குழாய்ச் சத்தம் கேட்டதும் ஒன்றைக் கீழே விட்டார். பிறகு மற்றதை.

லெம்பி திரும்பித் தட்டைப் பார்த்தாள்.

"ரெண்டும் காலியா?"

"ம்."

"எப்படிடா இருந்துச்சு?"

பதினோரு வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி அது. அர்வி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

லெம்பியின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து நின்றது. ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்டவள் மாதிரி இருந்தாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது துய்ஸ்கு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. கதவுப் பக்கம் இரண்டு அடி வைத்துக் குனிந்து வாந்தி எடுத்தது. பிறகு நின்றது. அதன் பின்னங்கால்கள் ஒன்றுக்கொன்று அந்நியமானவைபோல வேறு வேறு பக்கம் போயின. உட்கார நினைத்து உட்காரத் தெரியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது.

"டேய், என்ன இது, குடிச்சவன் மாதிரி தள்ளாடுது?"

அர்வி கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பது.

"டாக்டரம்மாவைக் கூப்பிடணும். எட்டு மணிக்குத்தான் எடுப்பாங்க."

நகராட்சிக் கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியில் பேச எட்டிலிருந்து ஒன்பது வரை நேரம். எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் என்றால் அவசர எண் ஒன்று உண்டு. அடுப்பங்கரைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"அந்த நம்பருக்குப் போடேன்" என்றாள் லெம்பி.

"அது அவசரத்துக்கு."

"இது என்னவாம்?"

"இருபது நிமிஷந்தானே. யாரோ ஒருத்தன் மாடு கன்னு போட முடியாம நிக்கும். நடுவுல நான் போய் என் நாய் வாந்தி எடுத்துச்சுன்னு நிக்கணுமா?"

லெம்பிக்கும் அது நியாயமாகவே பட்டது. அவளும் அந்த ஊர்க்காரிதானே. வாந்தியைத் துடைத்தாள். தேவாலயக் கூடத்துக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும், கேரட்டை மட்டும் யாராவது நறுக்கி வையுங்கள் என்றாள். இருவரும் தரையில் நாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எட்டு மணிக்காகக் காத்திருந்தார்கள். அர்வி அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தார். வழக்கமாகக் கையை நோக்கித் தலையைச் சாய்க்கும். இன்று சாய்க்கவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒன்பது வயது ஒரு வயதா என்று தானே கேட்டுக்கொண்டார். அதற்குமேல் யோசிக்க இஷ்டப்படவில்லை.

எட்டு மணி அடித்த நொடியில் எண்ணை அழுத்தினார். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் என்று ஒரு குரல் சொன்னது. ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அர்வி பேச்சில் பாதியை விழுங்கிவிடுவார் என்பது லெம்பிக்குத் தெரியும். கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கால்நடை மருத்துவர் இலோனா பேசறேன், வணக்கம்."

போன இலையுதிர்காலத்தில் புதிதாக வந்த இளம்பெண். அர்வி அவரைப் பார்த்ததில்லை. பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார்.

"அவசரம் ஒண்ணுமில்ல டாக்டர். நாய் கொஞ்சம் சோர்வா இருக்கு."

அந்தப் பகுதிக்கு வந்து ஆறு மாதத்தில் இலோனா இதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்: அவசரம் இல்லை என்று தொடங்குகிறவர்களிடம்தான் அவசரமாகக் கேட்க வேண்டும்.

"எழுந்து நிக்குதா?"

"நிக்கப் பாக்குது."

"நின்னா?"

"விழுது."

"வாந்தி?"

"ரெண்டு தடவை."

"மேல் உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம்னு பாருங்க."

"ரோஸ்தான். கொஞ்சம் வெளுத்த மாதிரி."

"எப்ப ஆரம்பிச்சது?"

"ஏழரைக்கு மேல."

"ஏழரையிலிருந்தா?" என்று ஆரம்பித்தவர் அதை நிறுத்திக்கொண்டார். "சரி. அதுக்கு முன்னால நல்லா இருந்ததா? திடீர்னா?"

"திடீர்னுதான்."

"அப்ப எதையோ தின்னிருக்கு. இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டது?"

"அதோட சாப்பாடு. காஞ்ச தீனி."

"வேற? எலி மருந்து, மாத்திரை, சாக்லேட்? சூயிங்கம், சைலிட்டால் மிட்டாய்?"

"எனக்குப் பொய்ப்பல் டாக்டர். சூயிங்கம் வெச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

லெம்பி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அவன் அக்கா பேசறேன். இந்த வீட்ல இனிப்பே கிடையாது டாக்டர். அக்டோபர்ல இவனுக்குச் சர்க்கரை வியாதின்னு சொன்னதும் ஒரு டப்பா விடாம நானே எடுத்துட்டுப் போயிட்டேன். இவனுக்குக் கொண்டாந்த பன்னைக்கூட இந்தத் தடவை பிர்ச் மரச் சர்க்கரை போட்டுத்தான் சுட்டேன். இவன்கிட்ட சொல்லல. சொன்னா மருந்து பன்னான்னு கேட்டுத் தொடமாட்டான்."

அர்வியின் கை நாயின் கழுத்து முடிக்குள் அப்படியே நின்றது.

"பிர்ச் சர்க்கரையும் சைலிட்டாலும் ஒண்ணுதாம்மா" என்றார் இலோனா. அவர் குரல் மாறியிருந்தது. "மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாது. நாய்க்கு விஷம். ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அப்படியே கீழ இறக்கிடும். அளவு கூடுனா கல்லீரல் போயிடும். நாய்க்கு அந்தப் பன் கிடைச்சுதா?"

"விஷமா? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க பல்லுக்கு நல்லதுன்னு குடுக்கறாங்களே!"

"பிள்ளைங்களுக்கு நல்லதுதான். நாய்க்குக் கிடைச்சுதா, இல்லையா?"

"இல்லவே இல்ல. ரெண்டும் இவன்தான் தின்னான். நல்லா இருந்துச்சுன்னு சொன்னானே." லெம்பி தம்பியைப் பார்த்தாள். "ரெண்டையும் நீதானே தின்ன?"

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. அர்வி நாயைப் பார்த்தார். அதன் வயிறு வேகமாக ஏறி இறங்கியது. நாக்கு ஓரத்தில் நுரை. நாற்பது ஆண்டுகள் அவரைக் காப்பாற்றிவந்த மௌனம் இப்போதும் வந்து அவர் வாயை மூடிக்கொண்டது. அதற்குள்ளேயே இருந்துவிட்டால் அக்காவின் முகம் அப்படியே இருக்கும். போனில் அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. இணைப்பு துண்டிக்கப்படவும் இல்லை. இலோனா காத்திருக்கிறார் என்பது அர்விக்குத் தெரிந்தது. காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

"நான் திங்கல" என்றார்.

லெம்பி போனிலிருந்து நிமிர்ந்தாள்.

"ரெண்டும் நாய்க்குப் போட்டேன். ஏழு பத்து இருக்கும்."

"முழுசாவா?"

"முழுசா."

"நாய் எடை?"

"பதினெட்டுக் கிலோ."

"சரி, கேளுங்க." இலோனா பெரிய எழுத்தில் எழுதிக்காட்டுகிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார். "வாந்தி எடுக்க வைக்காதீங்க, இந்த நிலைமைல ஆபத்து. தேனோ பாகோ, இல்ல வெறும் சர்க்கரையைத் தண்ணில கெட்டியாக் கரைச்சோ, விரல்ல தொட்டு ஈறுல தேய்ங்க. வாய்க்குள்ள ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தேய்ச்சுக்கிட்டே உடனே கிளம்பி வாங்க. நான் மத்த போனை நிறுத்திட்டு ட்ரிப்ஸ் தயார் பண்றேன். வீட்ல சர்க்கரை இருக்கா?"

"இல்ல" என்றாள் லெம்பி. அவள் குரல் உலர்ந்திருந்தது. "அதான் சொன்னேனே, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டேன்."

அர்வி எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது. வாசலைக் கடந்து, முற்றத்துச் சேற்றில் காலுறையோடு நடந்து நீராவிக் குளியலறைக்குப் போனார். உடை மாற்றும் இடத்தில், பெஞ்சுக்குப் பின்னால், ஆணிகள் போட்டுவைக்கிற தகர டப்பா இருந்தது. அதைக் கொண்டுவந்து மேசைமேல் திறந்தார். அடுக்கி வைத்த சர்க்கரைக் கட்டிகள்.

லெம்பி டப்பாவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"இன்னும் எங்கெங்க என்னென்ன வெச்சிருக்கே?" என்றாள். "வேண்டாம், சொல்லாதே. வெந்நீர் எங்க?"

நாற்பது கிலோமீட்டர். பனி உருகுகிற காலம், சாலை கூழாகக் கிடந்தது. லெம்பி ஓட்டினாள். அர்வி பின்னிருக்கையில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கோப்பையில் விரலை நனைத்து அதன் ஈறில் தேய்த்தார். மூன்றாவது தடவை துய்ஸ்கு அவர் விரலை நக்கியது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். கண்ணாடியில் தெரிந்த அக்காவின் நெற்றியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வண்டி இரண்டு இடத்தில் சேற்றில் சறுக்கியது. இரண்டு தடவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினாள்.

இலோனா வாசலிலேயே நின்றிருந்தார். நாயைக் கையில் வாங்கி, முன்னங்காலில் முடியை மழித்து, ஊசி ஏற்றி, ரத்தம் எடுத்தார். சர்க்கரை இருக்கவேண்டியதில் பாதிதான் இருக்கிறது என்றார். அதைக்கூட வழியில் தேய்த்ததால்தான் பார்க்க முடிகிறது என்றார். கல்லீரல் எப்படிப் போகும் என்று இப்போது சொல்ல முடியாது, திங்கட்கிழமை வரை இங்கேயே இருக்கட்டும், தினமும் ரத்தம் பார்க்க வேண்டும்.

"அடுத்த தடவை எட்டு மணிக்காகக் காத்திருக்காதீங்க" என்றார் கடைசியாக. "அவசர நம்பர் உங்களுக்கும் சேத்துத்தான்."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்காது டாக்டர்" என்றாள் லெம்பி. அவள் எதைச் சொன்னாள் என்று அர்விக்கு உடனே புரியவில்லை.

அவள் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். எஞ்சினை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை அர்வி விறகு பிளந்தார். "போதும்ல?" என்று திரும்பிக் கேட்டார். யாரும் இல்லாத முற்றத்தில் கேட்ட தன் குரல் இவ்வளவு பெரியதா என்று இருந்தது. பிறகு திங்கள் வரை அவர் பேசவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை, நாயின் தண்ணீர்ப் பாத்திரத்தில் தூசி விழுந்திருந்ததைக் கண்டு கொட்டி வேறு தண்ணீர் ஊற்றி வைத்தார். மேசையருகே உட்கார்ந்திருந்தபோது யோசித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை, அன்றைக்கே, அம்மா செத்த வருஷமே. அவள் கொஞ்சம் முகம் சுளித்திருப்பாள், அடுத்த வாரம் ரை தானிய ரொட்டி கொண்டுவந்திருப்பாள், அவ்வளவுதான். தான் அவள் மனதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் தன் சங்கடத்தைக் காப்பாற்றியதுதானா?

திங்கட்கிழமை இலோனா கூப்பிட்டார். கல்லீரல் தப்பித்துவிட்டது. வந்து அழைத்துப்போகலாம்.

அர்வி காரை விற்று மூன்று வருஷம் ஆகிறது. பஸ் செவ்வாயும் வியாழனும்தான். அரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லெம்பிக்குப் போட்டார். "பத்து மணிக்கு வரேன்" என்றாள்.

திரும்பி வரும்போது துய்ஸ்கு பின்னிருக்கையில் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாதி வழி வந்த பிறகு லெம்பி கேட்டாள்.

"எத்தனை வருஷமா?"

"அம்மா போனதிலேருந்து."

ஒரு மரலாரி எதிரே வந்து, சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அவள் துடைப்பானைப் போட்டாள். கண்ணாடி தெளிந்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணுகூடத் தின்னதில்லையா?"

"முதல் தடவை ஒண்ணு தின்னேன்."

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாயங்காலம் மாவு பிசைவேன்டா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு ஒருத்திக்குன்னா நான் எதுக்கு அடுப்பு மூட்டப் போறேன்? வியாழக்கிழமைன்னா ஒரு வேலை இருந்துச்சு."

அர்விக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமையை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. தன் வீட்டு மஞ்சள் அடுப்பங்கரையில் அவள் ஒருத்தியாக நின்று மாவு பிசைவதும், அது உப்பி வரும்வரை நாற்காலியில் காத்திருப்பதும், துணியில் சுற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போவதும். ஐந்நூறுக்கு மேல் வியாழக்கிழமைகள். என்ன சொல்லலாம் என்று தேடினார். வீடு வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் காப்பி போட்டார். ஏழு மணிக்குப் பெரிய சாலையில் ஒரு கார் போகிற சத்தம் கேட்டது. திருப்பத்தில் வேகம் குறையவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. ஏரியில் பனிக்கட்டி உடைந்து, காற்று அதைக் கரையில் கொண்டுவந்து குவித்தது. அர்வி அதைத் துய்ஸ்குவிடம் சொன்னார். அது காதைத் திருப்பியது. ஏனோ இந்தத் தடவை அது போதவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, அவர் போனை எடுத்தார். வேலை எதுவும் இல்லாமல் ஒருவரைக் கூப்பிட்டது அவர் நினைவில் இல்லை. அந்தக் குடும்பத்தில் அப்படி யாரும் செய்ததில்லை. போன் வந்தால் யாரோ செத்திருப்பார்கள், இல்லையென்றால் வண்டி நின்றிருக்கும்.

"என்னடா?" என்றாள் லெம்பி, எடுத்ததும். "நாய்க்கு என்ன ஆச்சு?"

"நாய்க்கு ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு."

"உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே?"

அர்வி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமையாச்சேன்னு கூப்பிட்டேன்க்கா."

அவள் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. அது நின்றது. தரையில் ஒரு நாற்காலியை இழுக்கிற சத்தம்.

"சரி, உக்காந்துட்டேன்" என்றாள் லெம்பி. "சொல்லு."

சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஆரம்பித்தார்.